லைசென்ஸ் புதுப்பிக்க உட்காருமுன்: இனிஷியல், போன் நம்பர், எஸ்டேட் முகவரி

பர்சிலிருந்து லைசென்ஸ் கார்டை எடுத்து நல்ல வெளிச்சத்தில் பிடியுங்கள். செல்லுபடி தேதி இருக்கும் இடத்தில் பலருடைய கார்டில் ஒன்றல்ல, இரண்டு தேதி இருக்கும். என்டி என்றால் சொந்த உபயோக வண்டி. டிஆர் என்றால் டிரான்ஸ்போர்ட், வாடகைக்கு ஓடும் வண்டி. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர் "எனக்கு 2032 வரைக்கும் இருக்கே" என்று சொன்னால், அவர் பார்த்தது பெரும்பாலும் என்டி தேதியாக இருக்கும். டிஆர் சத்தமில்லாமல் முடிந்திருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருவது அதுதான், மறந்து போவதும் அதுதான்.

தேதிக் கணக்கிலேயே நிறையப் பேர் குழம்புகிறார்கள். காரணம், மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அமலான 2019 செப்டம்பர் 1-க்கு முன்னால் ஒரு கணக்கு, பின்னால் வேறு கணக்கு. பழைய கணக்கில் சொந்த வண்டி லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து 20 வருடம், அல்லது 50 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. அதனால்தான் 2005, 2006-ல் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய ஆட்களுக்கெல்லாம் 2025, 2026-ல் மொத்தமாக முடிகிறது. இருபது வருடம் அந்தக் கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள் இவர்கள். லைசென்ஸ் பதிவில் இருக்கும் போன் நம்பர் எப்போதோ தூக்கிப்போட்டது, முகவரி இரண்டு வீடு முந்தையது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

புதிய கணக்கு இப்படி. புதுப்பிக்கும் நாளில் 30 வயது நிரம்பவில்லை என்றால் 40 வயது வரை. 30 நிரம்பி 50 ஆகவில்லை என்றால் 10 வருடம். 50 நிரம்பி 55 ஆகவில்லை என்றால் 60 வயது வரை. 55 தாண்டிவிட்டால் ஐந்தைந்து வருடமாக. டிரான்ஸ்போர்ட்டுக்கு வயது எதுவானாலும் 5 வருடம். பெட்ரோல், ஆசிட் மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்றும் டேங்கர் ஓட்டுபவர்களுக்கு 3 வருடம். சங்ககிரிப் பக்கம் டேங்கர் ஓட்டும் அண்ணன்மார்கள் இந்த மூன்றைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

எப்போது விண்ணப்பிக்கலாம்? முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே வாசல் திறந்திருக்கிறது. ஆனால் அவ்வளவு முன்னால் ஓடிப் போக வேண்டாம். சட்டத் திருத்தத்துக்குப் பிறகு புதிய செல்லுபடி, புதுப்பித்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. பத்து மாதம் முன்னால் புதுப்பித்தால் அந்தப் பத்து மாதம் உங்கள் கணக்கில் சேராது. இரண்டு மாதம் முன்னால் தொடங்கினால் போதும். பெயர் திருத்தம் ஏதாவது இருந்தால் நான்கு மாதம்.

முடிந்த பிறகு 30 நாள் சும்மா ஓட்டலாம் என்ற பேச்சை இன்னும் டீக்கடையில் கேட்கலாம். அது பழைய சட்டம். அந்த 30 நாள் சலுகையை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். முடிந்த தேதிக்கு மறுநாள் காலையில் வண்டியை எடுத்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதாகத்தான் கணக்கு, அபராதம் 5,000 ரூபாய். வண்டி வேறொருவருடையது என்றால், லைசென்ஸ் இல்லாதவரிடம் சாவியைக் கொடுத்ததற்காக ஓனருக்கும் தனியாக 5,000. மச்சானுடைய காரை வாங்கிக்கொண்டு ஏற்காடு ஏறுபவர்கள் மச்சானையும் சேர்த்து நினைத்துக்கொள்ளவும்.

முடிந்து ஒரு வருடத்துக்குள் போனால் தேர்வு இல்லாமல் புதுப்பிக்கலாம் என்பது உண்மை. ஆனால் இடையில் போன நாட்கள் போனவைதான். பின்தேதியிட்டு யாரும் தரமாட்டார்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும். இருபது வருடமாக ஏற்காடு ரோட்டின் இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஏறி இறங்கியவர் ஆனாலும் டிராக்கில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுத்தான் ஆகவேண்டும். மலையில் நன்றாக ஓட்டுபவர்கள் எட்டில் தடுமாறுவது சகஜம். வளைவில் வேகத்தோடு வண்டியைச் சாய்த்துப் பழகிய கை அது. எட்டுக்கு வேண்டியதோ ஊர்ந்து போகும் வேகம், அரை கிளட்ச், பின் பிரேக்கில் லேசாக ஊன்றிய கால்.

இனிஷியல்

இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஏனென்றால் விண்ணப்பம் பாதியில் நிற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

லைசென்ஸ் வேலைகளுக்கான அரசு இணையதளமான சாரதி தளத்தில் ஆதார் வழியாகப் போவது ஒன்று, ஆதார் இல்லாமல் போவது ஒன்று என இரண்டு வழி வரும். ஆதார் வழியில் போனால் உங்கள் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஆதாரிலிருந்து வந்து லைசென்ஸ் பதிவோடு உரசிப் பார்க்கப்படும். ஒத்துப் போனால் ஆர்டிஓ ஆபீஸ் படியேறாமலே வேலை முடியும். ஒத்துப் போகாவிட்டால் அங்கேயே நிற்கும்.

நம் ஊரில் இது எங்கே ஒத்துப் போகிறது? லைசென்ஸில் "செல்வராஜ் கே" என்று இருக்கும். ஆதாரில் "கே செல்வராஜ்". இல்லாவிட்டால் ஆதார் எடுத்த இடத்தில் இனிஷியலை விரித்து "செல்வராஜ் குப்புசாமி" என்று போட்டிருப்பார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் மூன்றாவதாக ஒரு உருவம். மனிதருக்கு எல்லாம் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு மூன்று ஆட்கள். கல்யாணமான பெண்களுக்கு இதோடு அப்பா இனிஷியலா, வீட்டுக்காரர் இனிஷியலா என்ற இன்னொரு அடுக்கு.

இதைச் சரிசெய்ய உடனே ஆதாரை மாற்ற ஓடாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அதை ஒரு லைசென்ஸுக்காகச் செலவழிப்பது வீண். மார்க் ஷீட், பேங்க், பான் எல்லாம் ஆதாரோடு ஒத்துப் போய், லைசென்ஸ் மட்டும் தனியாக நின்றால் லைசென்ஸில்தான் பெயரைத் திருத்த வேண்டும். சாரதியிலேயே பெயர் மாற்றம் என்று தனிச் சேவை இருக்கிறது. புள்ளி, இடைவெளி, இனிஷியல் முன்னால் பின்னால் என்ற அளவிலான வித்தியாசம்தான், அவசரமும் இருக்கிறது என்றால், ஆதார் இல்லாத வழியைத் தேர்ந்தெடுத்து, ஸ்லாட் (நேரில் போகும் நாளும் நேரமும்) போட்டு, அசல் பேப்பரோடு நேரில் போய் வந்துவிடுங்கள். அரை நாள் போகும், வேலை நடக்கும்.

பிறந்த தேதியிலும் ஒரு குழி இருக்கிறது. மலைக் கிராமங்களில் வயதானவர்கள் சிலருடைய ஆதாரில் வருடம் மட்டும் இருக்கும், தேதி மாதம் இருக்காது. லைசென்ஸில் முழுத் தேதி இருக்கும். சாரதி உங்கள் பதிவைத் தேடுவது லைசென்ஸ் நம்பரையும் லைசென்ஸில் அச்சான பிறந்த தேதியையும் வைத்துத்தான். எனவே உள்ளே நுழையும்போது கார்டில் இருப்பதையே போடுங்கள், உண்மையான பிறந்தநாளை அல்ல.

லைசென்ஸ் நம்பரையும் சரியாகப் போடத் தெரிந்திருக்க வேண்டும். பழைய கார்டுகளில் சாய்கோடு போட்டு, வருடத்தைக் கடைசியில் எழுதியிருப்பார்கள். தளம் கேட்பது வேறு வரிசை: டிஎன், இரண்டு இலக்க ஆபீஸ் எண், நான்கு இலக்க வருடம், ஏழு இலக்க வரிசை எண். மொத்தம் பதினைந்து. வரிசை எண் 1234 என்று மட்டும் இருந்தால் முன்னால் மூன்று பூஜ்ஜியம் சேர்த்து 0001234 ஆக்க வேண்டும். சேலம் மேற்கு 30, கிழக்கு 54, தெற்கு 90, சங்ககிரி 52, ஆத்தூர் 77, மேட்டூர் 93. இப்படிப் போட்டும் "பதிவு இல்லை" என்று வந்தால் உங்களுடையது கம்ப்யூட்டருக்கு முந்தைய கால லைசென்ஸ், இன்னும் சாரதியில் ஏறவில்லை என்று அர்த்தம். வீட்டில் உட்கார்ந்து செய்ய ஒன்றுமில்லை. லைசென்ஸ் கொடுத்த ஆபீஸுக்கு அசலோடு போய்ப் பழைய பதிவை ஏற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அங்கே "பேக்லாக் என்ட்ரி" என்று சொன்னால் உடனே புரியும்.

போன் நம்பர், முகவரி

ஓடிபி எந்த நம்பருக்கு வருகிறது என்று பாருங்கள். பல பேருக்கு லைசென்ஸில் இருப்பது டிரைவிங் ஸ்கூல்காரர் நம்பர். அந்தக் காலத்தில் அவரே எல்லாவற்றையும் பூர்த்தி செய்தார், தன் நம்பரைப் போட்டார். இப்போது அதே வேலையைப் பிரவுசிங் சென்டரில் செய்கிறார்கள். ஓடிபி வர வர உங்களைக் கேட்க முடியாது என்று தங்கள் நம்பரைப் போட்டு முடித்துவிடுவார்கள். அன்றைக்கு வேலை சுலபம். ஆனால் பிறகு வரும் குறுஞ்செய்தி ஒவ்வொன்றும், பேப்பரைத் திருப்பி அனுப்பியது உட்பட, அவருக்குப் போகும். தபால்காரர் கூப்பிடுவதும் அவரைத்தான். உங்கள் நம்பரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. பழைய நம்பரை மாற்ற சாரதியில் தனி வசதி இருக்கிறது, புதுப்பிக்கும் விண்ணப்பத்துக்கு முன்னால் அதை முடியுங்கள்.

எஸ்டேட் உள்ளே சிக்னல் விட்டு விட்டு வரும் இடங்களில் ஓடிபி வந்து சேருவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். மூன்று நான்கு முறை அனுப்பச் சொல்லி அமுக்கினால் பழையதும் புதியதும் கலந்து வந்து எதைப் போடுவது என்று தெரியாது. ஏற்காடு டவுனில் ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் வந்து உட்கார்ந்து செய்வது மேல்.

முகவரி இப்போது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. 2024 பிப்ரவரி 28-லிருந்து தமிழ்நாட்டில் லைசென்ஸ் கார்டைக் கவுன்டரில் கையில் தருவதில்லை. ஸ்பீட் போஸ்டில் மட்டும்தான் வரும். முகவரி தவறு, வீடு பூட்டியிருந்தது, ஆள் இல்லை என்றால் கார்டு ஆர்டிஓ ஆபீஸுக்கே திரும்பிவிடும். அங்கே போய் நின்றாலும் சும்மா எடுத்துக் கொடுக்க மாட்டார்கள், மறுபடி தபாலில்தான் அனுப்புவார்கள்.

டவுனில் கதவு எண், தெரு என்று முடிந்துவிடும். நாகலூர், செம்மடுவு, மஞ்சக்குட்டை, கரடியூர்ப் பக்கம் லைன் வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) இருப்பவர்களுக்குக் கதவு எண்ணே இருக்காது, இருந்தாலும் தபால்காரருக்கு அது பயன்படாது. அவருக்கு வேண்டியது வேறு: அப்பா பெயர் அல்லது வீட்டுக்காரர் பெயர், எஸ்டேட் பெயர், லைன் எண், கிராமம், எந்த அஞ்சலகம், ஏற்காடு தாலுகா, பின்கோடு. ஏற்காடு டவுனுக்கு 636601. உங்கள் கிராமத்துக்கு எந்த பின்கோடில் தபால் வருகிறது என்று தபால்காரரிடமே கேட்டுப் போடுங்கள். தளத்தில் முகவரிக் கட்டங்கள் சின்னவை. எஸ்டேட் பெயர் முதல் கட்டத்திலேயே வரும்படி எழுதுங்கள், கடைசியில் தள்ளினால் அச்சில் வெட்டுப்பட்டுப் போக வாய்ப்பு இருக்கிறது.

வீடு மாறியிருந்தால் புதுப்பிப்பதோடு முகவரி மாற்றத்தையும் ஒரே விண்ணப்பத்தில் டிக் செய்துவிடுங்கள். கட்டணம் இரண்டுக்கும் தனித்தனி, அலைச்சல் ஒன்றே. திருச்சியில் எடுத்த லைசென்ஸை சேலத்தில் புதுப்பிக்கத் திருச்சிக்குப் போக வேண்டியதில்லை, அங்கிருந்து தடையில்லாச் சான்றும் தேவையில்லை. இப்போது குடியிருக்கும் இடத்து ஆபீஸைத் தேர்ந்தெடுத்தால் போதும். பின்கோடைப் போட்டால் எந்த ஆபீஸ் என்று திரையே காட்டும். கந்தம்பட்டியில் இருக்கும் மேற்கு ஆபீஸ்தான் சேலம் முழுவதற்கும் என்று நினைத்து அங்கே போய்த் திரும்பி வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

டாக்டர் சான்று

40 வயது ஆகாதவர், சொந்த வண்டி மட்டும் ஓட்டுபவர் என்றால் படிவம் 1 போதும். அது நீங்களே கொடுக்கும் உறுதிமொழி. வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் வருமா, கை கால் சரியாக இருக்கிறதா, கண் எப்படி என்று கேள்விகள். திரையிலேயே ஆம், இல்லை போட்டு முடிக்கலாம். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று அமுக்கிக்கொண்டே போனால் வலிப்புக்கும் ஆம் விழும். படித்து அமுக்குங்கள்.

40 நிரம்பியவர்களுக்கும், வயது எதுவானாலும் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் படிவம் 1ஏ. இது பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதித்துக் கையெழுத்திடுவது. போட்டோ ஒட்டி, அதன் மேல் பாதியும் தாளில் பாதியுமாக அவருடைய கையெழுத்தும் சீலும் விழ வேண்டும். சீலில் பதிவு எண் படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மை வற்றிய சீலால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் ஒரு தனி இனம். விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். தாளை ஸ்கேன் செய்து நீங்களே ஏற்றுவதா, டாக்டர் தன் லாகினிலிருந்து ஏற்ற வேண்டுமா என்பது விண்ணப்பம் போடும்போதே திரையில் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு, லாகின் வைத்திருக்கும் டாக்டரா என்று கேட்டுவிட்டுப் போனால் இரண்டு முறை ஃபீஸ் கொடுக்க வேண்டாம்.

படிவம் 1ஏ-யில் இருக்கும் ஒரு கேள்வி எனக்குப் பிடிக்கும். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பது. இதை வீட்டு வாசலில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நின்றிருக்கும் காரிலிருந்து சாதாரண நடையில் முப்பத்தைந்து அடி எடுத்து வைத்துத் திரும்பினால் ஏறக்குறைய 25 மீட்டர். கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டே பார்க்கலாம், அதற்குத் தடையில்லை. படிவத்திலும் கண்ணாடியால் சரியாகிறதா என்றுதான் கேட்கிறார்கள். மூன்றும் எட்டும் ஒன்றாகத் தெரிந்தால் டாக்டர் சான்றுக்கு முன்னால் கண் டாக்டரைப் பாருங்கள். சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடிகிறதா, இரவில் பார்வை குறைகிறதா, காது கேட்கிறதா என்றும் கேள்விகள் உண்டு. நிறக்குருடு லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் லைசென்ஸ் கிடையாது என்ற நிலை 2020-ல் மாறிவிட்டது. முழு நிறக்குருடுக்குத்தான் இப்போது தடை.

பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தரும் இடங்கள் எங்கேயும் உண்டு. மற்ற ஊரில் எப்படியோ, மார்கழிப் பனியில் இரவு எட்டு மணிக்கு மேலிருந்து இறங்குகிறவர் அந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதிலைத் தெரிந்துகொள்வது அவருக்கே நல்லது. எதிரில் ஏறி வரும் பஸ்ஸின் லைட் முகத்தில் அடித்த பிறகு வளைவின் சுவர் திரும்பக் கண்ணுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பது 42 வயதில் ஒன்று, 57 வயதில் வேறு.

ரத்த வகையை ஊகித்துப் போடாதீர்கள். கார்டில் அச்சாகி வரும். விண்ணப்பத்தில் உறுப்பு தானம் பற்றியும் ஒரு கட்டம் வரும், விருப்பப்பட்டால் டிக் செய்யலாம்.

ஏற்றுவதும் கட்டுவதும்

போட்டோவும் கையெழுத்தும் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். பேப்பர்கள் 500 கேபிக்குள். போனில் எடுத்த மூன்று எம்பி போட்டோவை அப்படியே சுருக்கினால் முகம் கஞ்சி மாதிரி வரும். முதலில் முகமும் தோளும் மட்டும் இருக்கும்படி வெட்டுங்கள். பிறகு அகலம், உயரத்தைக் குறையுங்கள், அகலம் நானூறு பிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். கடைசியாகத்தான் தரத்தைக் குறைக்க வேண்டும். கையெழுத்துக்கு வெள்ளைத் தாள், கறுப்புப் பேனா, ஜன்னலோர வெளிச்சம். டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தால் தாள் சாம்பலாகிவிடும், கை நிழலும் விழும். கையெழுத்தை ஒட்டி நெருக்கமாக வெட்டுங்கள், சுற்றிலும் வெற்று வெள்ளையை விட்டால் அச்சில் கையெழுத்து எறும்பு அளவுக்கு வரும். ஆதாரை ஸ்கேன் செய்யும்போது இரண்டு பக்கமும் ஒரே கோப்பில் இருக்கட்டும். முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது என்பதை மறந்து முன்பக்கத்தை மட்டும் ஏற்றி, முகவரிச் சான்று இல்லை என்று திரும்பி வருவது வாடிக்கை.

வரிசை இது: தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் சேவைகளுக்குள் போய், நம்பரும் பிறந்த தேதியும் போட்டு விவரத்தை வரவழைத்து, புதுப்பித்தலை டிக் செய்து, உறுதிமொழி, பேப்பர், போட்டோ கையெழுத்து, கட்டணம். நேரில் போக வேண்டிய வழி என்றால் கடைசியாக ஸ்லாட். முதல் படியிலேயே ஒரு விண்ணப்ப எண் வரும். அதை எழுதி வைத்துக்கொண்டால் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி புதுப்பிக்க 200 ரூபாய், கார்டுக்கு 200. முகவரி மாற்றம் சேர்த்தால் இன்னொரு 200. இதன் மேல் மாநிலச் சேவைக் கட்டணம். தேதி முடிந்து தாமதமாகப் போடும் விண்ணப்பத்துக்கு 200-க்குப் பதில் 300, அதோடு ஒவ்வொரு வருடத் தாமதத்துக்கும் 1,000 கூடுதல் என்று விதி 32 சொல்கிறது. மறுபடி ஓட்டிக்காட்ட நேர்ந்தால் வண்டி வகை ஒவ்வொன்றுக்கும் 300. கட்ட வேண்டிய மொத்தம் திரையில் வரும், ரசீதிலும் இருக்கும். புரோக்கர் கேட்கிற தொகையோடு அந்த ரசீதை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

பணம் பேங்கில் கழிந்துவிட்டது, திரையில் ரசீது வரவில்லை. இது அடிக்கடி நடக்கும். பதறி இன்னொரு முறை கட்டாதீர்கள். கட்டண நிலையைச் சரிபார்க்கும் பக்கம் தனியாக இருக்கிறது, அங்கே விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பாருங்கள். பேங்கிலிருந்து தகவல் வந்து சேரத் தாமதமாகியிருக்கும். தோல்வி என்று தெளிவாக வந்த பிறகுதான் மறுபடி கட்ட வேண்டும்.

நேரில் போகிறவர்கள் அசல் லைசென்ஸ், ஆதார், விண்ணப்ப அச்சு, கட்டண ரசீது, ஸ்லாட் அச்சு, டாக்டர் சான்று அசல் இவ்வளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கேமராவில் படம் எடுத்து, சின்னப் பலகையில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் பலகையில் எழுதுவது சிலேட்டில் எழுதுவது போலிருக்கும், மெதுவாக எழுதுங்கள். ஏற்காட்டிலிருந்து வருபவர்கள் காலை ஸ்லாட்டை எடுக்க வேண்டாம். மலைப் பஸ் ஒன்று தவறினாலோ, கோடை விழா சமயத்தில் ரோடு நெரிசலானாலோ ஸ்லாட் போய்விடும்.

ஒப்புதல் ஆனதும் புதிய லைசென்ஸ் அரசின் டிஜிலாக்கர், எம்பரிவாஹன் செயலிகளில் கார்டு வருவதற்கு முன்பே தெரியும். அதைக் காட்டினால் செல்லும், 2018-லேயே விதியைத் திருத்திவிட்டார்கள். ஆனால் செயலியைத் திறந்து காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. டிஜிலாக்கரில் பழைய தேதியே காட்டிக்கொண்டிருந்தால் அந்த ஆவணத்தை ஒருமுறை புதுப்பித்து எடுக்க வேண்டும். அடிவாரத்தில் சிக்னல் கிடைக்குமா என்று சந்தேகமாக இருந்தால் ஏறுவதற்கு முன் கோரிமேட்டிலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, எல்எம்வி (இலகு ரக வண்டி) லைசென்ஸ் வைத்திருப்பவர் சுமையோடு சேர்த்த மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள டிரான்ஸ்போர்ட் வண்டியையும் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று தீர்ப்புச் சொன்னது. டாக்ஸி, சின்ன வேன் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அந்த எடையைத் தாண்டிய பஸ், லாரிக்கு இது பொருந்தாது, அங்கே டிஆர் தேதி முடிந்தால் முடிந்ததுதான். லைசென்ஸ் மொத்தமே காலாவதி ஆனவருக்கும் இந்தத் தீர்ப்பு குடையாகாது.

விபத்து நடந்த நாளில் லைசென்ஸ் முடிந்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடிபட்ட மூன்றாம் நபருக்கு நீதிமன்றம் சொல்கிற இழப்பீட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கட்டிவிட்டு, பிறகு வண்டி ஓனரிடமிருந்து வசூலிக்கக் கேட்கும். உங்கள் வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மில் லைசென்ஸ் நகல்தான் முதலில் கேட்கப்படும், தேதி முடிந்திருந்தால் அந்த ஃபைல் அங்கேயே மூடப்படும். விபத்துக்கு மறுநாள் ஓடிப் போய்ப் புதுப்பித்தாலும் முந்தின நாளுக்கு அது உதவாது.

கார்டு அனுப்பிய குறுஞ்செய்தியில் ஸ்பீட் போஸ்ட் எண் வரும். அதை வைத்து அஞ்சல் துறைத் தளத்தில் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். உங்கள் அஞ்சலகம் வந்துவிட்டது என்று காட்டினால் காத்திருக்காமல் அடையாள அட்டையோடு அங்கேயே போய்க் கேளுங்கள். லைன் வீட்டில் பகலில் எல்லோரும் காபித் தோட்டத்தில் இருப்பார்கள், தபால்காரர் இரண்டு முறை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனால் கார்டு மறுபடி மலையிறங்கிவிடும்.